எல்லைக்கு முந்தின பங்க்

இங்கேயே போட்டுக்கோங்க அண்ணே. டேங்க் நிறைய. எல்லை தாண்டி அந்தப் பக்கம் போய்ப் போட்டுக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவர் ஒரு தடவைகூடப் போயிருக்க மாட்டார். ஒட்டுக்கேட்கவில்லை, நீங்கள் போனில் கேட்டது தானாகக் காதில் விழுந்தது. தஞ்சாவூர்ப் பக்கமா? கண்டுபிடித்துவிடுவேன். கேள்வி கேட்கும்போது கடைசியில் ஒரு இழுப்பு இழுக்கிறீர்கள். "மச்சி, இங்க போடட்டா, இல்ல அங்க போடட்டாஆ." பாருங்கள், காருக்குள்ளே அண்ணி சிரிக்கிறாங்க. அப்படியே உங்கள் குரல்தானே?

என் பெயர் நவநீதன். பதினாறு வயது. குரல்தான் நம்ம கைச்சரக்கு. போன வருஷம் எங்கள் ஸ்கூல் பிரின்சிபால் குரலில் மைக்கில் பேசி, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எண்ணூறு பேரை வீட்டுக்கு அனுப்பினேன். டீச்சர்கள்தான் முதலில் போனார்கள். வீட்டில் அம்மா குரலில் அப்பாவையும், அப்பா குரலில் அம்மாவையும் கூப்பிட்டுவிட்டு ஒளிந்துகொள்வேன். இரண்டு பேரும் மாடிப்படியில் பாதி வழியில் சந்தித்து, "என்ன?" "நீதான கூப்பிட்ட?" "நான் எங்க கூப்பிட்டேன்?" கல்யாணமாகி இருபது வருஷம், இன்னும் குரல் அடையாளம் தெரியவில்லை.

அதோ, மூன்றாவது பம்பில் சாம்பல் கலர் வண்டி நிற்கிறதே, அது எங்களுடையது. அப்பா காபி வாங்க உள்ளே போயிருக்கிறார். வீட்டிலிருந்து இங்கே இருபத்தைந்து மைல். வீட்டுப் பக்கத்திலேயே மூன்று பங்க் இருக்கிறது. இங்கே விலையும் கூடத்தான். ஆனாலும் சனிக்கிழமை சனிக்கிழமை இங்கே வந்துதான் போடுவார். என்னையும் கூட்டி வருவார். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இதே பங்க்கில் நாங்கள் பெட்ரோல் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அவ்வளவுதான் கதை. ஆனால் நீங்கள் அவசரமாகப் போகிறவர் மாதிரித் தெரியவில்லை. உங்களுக்கு முன்னால் இரண்டு வண்டி நிற்கிறது. சொல்கிறேன்.

எனக்கு மணி மாமா என்று ஒரு மாமா. முழுப்பெயர் சுடலைமணி. அம்மாவின் தம்பி, கோவில்பட்டி. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார். ம்ஹ்க். "ஏல நவநீ, என்னல செய்த." அந்த உறிஞ்சு இல்லாவிட்டால் அது மாமா இல்லை. மிமிக்ரி செய்கிற பாதிப் பேர் வார்த்தையைப் பிடிக்கப் பார்ப்பார்கள். தப்பு. வார்த்தைக்கு முன்னால் என்ன வருகிறது என்று பிடிக்க வேண்டும். அதைப் பிடித்துவிட்டால் ஆள் தானாக வந்துவிடுவார்.

மாமாவுக்கு அப்போது வேலை போயிருந்தது. விசாவில் இருக்கிறவருக்கு வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டும், உங்களுக்குத் தெரியாததா. ஐம்பத்தெட்டாவது நாள் இன்னொரு கம்பெனி அவருக்காக விசா மனுப் போட்டது. அதற்குப் பதில் வரும்வரை இங்கே இருக்கலாம். ஆனால் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. அரை மணி நேரம் போனாலும் போனதுதான். மனு செத்துவிடும், திரும்ப உள்ளே விட மாட்டார்கள். வீட்டில் ஹேமா அத்தைக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. பெண் குழந்தை என்று டாக்டர் சொல்லியாயிற்று. மாமா தினமும் காலையில் அத்தை வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்து, ம்ஹ்க், "ஏட்டி, உள்ள என்ன செய்த?" என்று கேட்பார். அது ஒரு உதை விடும். "பாத்தியா, பதில் சொல்லுதா" என்பார்.

அந்தச் சனிக்கிழமை தொட்டில் வாங்கக் கிளம்பினோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிகிறதே கடைவீதி, அங்கேதான் தள்ளுபடி போட்டிருந்தார்கள். அப்பா வண்டி ஓட்டினார். மாமா முன்சீட். நான் பின்னால். அம்மா அத்தையோடு வீட்டில் இருந்தாங்க.

அப்பா லைட் எரிந்த பிறகுதான் பெட்ரோல் போடுவார். "லைட்டு எரிஞ்சதுக்கு அப்புறம் முப்பது மைல் ஓடும், கம்பெனிக்காரனே அப்படித்தான் வச்சிருக்கான்." அன்றைக்கு லைட் எரிந்து இருபது மைல் தாண்டியிருந்தது. இந்தப் பங்க்கில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம் என்று பேச்சு. மாமாவின் போனில் மேப் அக்கா வழி சொல்லிக்கொண்டு வந்தாள்.

மேப் அக்காவின் குரலை நான் மூன்று வாரமாகக் குளியலறையில் பழகிக்கொண்டிருந்தேன். ரொம்பக் கஷ்டம் அண்ணே. மனுஷன் பேசினால் நடுவில் மூச்சு வாங்குவான். அவளுக்கு மூச்சே கிடையாது. கோபம் கிடையாது, அவசரம் கிடையாது. நீங்கள் எத்தனை தடவை தப்பாகத் திரும்பினாலும் அதே குரல். வயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல், பல்லுக்கு நடுவிலிருந்து சொல்ல வேண்டும். அம்மாவுக்குக்கூடக் காட்டவில்லை. நல்ல இடமாகப் பார்த்து இறக்கலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

பங்க் வர ஒரு மைல் இருக்கும்போது அத்தை போன் பண்ணினாங்க. போன் பேசினால் மேப் அக்கா வாயை மூடிக்கொள்வாள். "பெட்ரோல் போட்டுட்டு, தொட்டில வாங்கிட்டு, மூணு மணிக்குள்ள வந்திருதேன்" என்று சொல்லி மாமா வைத்தார். வைத்தபிறகும் அவள் பேசவில்லை. வண்டிக்குள் சத்தமே இல்லை. அப்படி ஒரு இடம் மறுபடியும் கிடைக்குமா?

"எக்ஸிட் எடுக்க வேண்டாம். இடது பக்கமாகவே இருக்கவும். நேராகச் செல்லவும்."

இங்கிலீஷில்தான் சொன்னேன், அவளை மாதிரியே. பிரமாதமாக வந்தது. அவளே கேட்டிருந்தால் வேலையை விட்டிருப்பாள்.

அப்பா, "போர்டுல கடைசி எக்ஸிட்டுனுல்லா போட்டிருக்கு" என்றார்.

மாமா, "அத்தான், அவ சொன்னாக் கேளுங்க. அவளுக்குத் தெரியாததா" என்றார்.

அப்பா இடது பக்கமாகவே போனார்.

நான் நினைத்தது என்னவென்றால், அடுத்தாற்போல் இன்னொரு எக்ஸிட் இருக்கும், அதில் இறங்கிச் சுற்றி வருவோம், அப்போது சொல்லிச் சிரிக்கலாம். மாமா தலை மறைத்ததில் போர்டு எனக்குத் தெரியவில்லை. நேராகப் போ என்றுதான் சொன்னேன். ஸ்டீயரிங் என் கையிலா இருந்தது? ஒரு மனுஷன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் காதில் கேட்டதை நம்பினால் அதற்கு நான் என்ன செய்வது? அதையும் யோசிக்க வேண்டும் அல்லவா.

அந்தப் பக்கம் போகும்போது யாரும் நிறுத்த மாட்டார்கள் அண்ணே. நீங்களும் இன்றைக்குப் பார்ப்பீர்கள். கேட் மாதிரி ஒன்று வரும், பச்சை விளக்கு எரியும், ரோடு ஒரு வளைவு வளையும். முடிந்தது. போர்டெல்லாம் ஸ்பானிஷில் இருக்கும். திரும்புவதற்கு இடமே கிடையாது, இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர். அப்பா வண்டியை நிறுத்தி ரிவர்ஸ் போடப் பார்த்தார். பின்னால் ஹாரன். மாமா அப்பா கைமேல் கை வைத்து, "அத்தான், ரிவர்ஸ் எடுக்காதீங்க. மோதிருவான்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மூக்கை உறிஞ்சவில்லை. மாமா உறிஞ்சாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் மட்டும் ரோடு திரும்பிவிடுமா?

திரும்பி வருகிற வரிசை சனிக்கிழமை மூன்று மணி நேரம். அதில் இஞ்சினைப் போட்டுப் போட்டு நகர வேண்டும். டேங்க்கில் சொட்டுகூட இல்லை. அதனால் முதலில் தெரிந்த பங்க்கில் நுழைந்தோம்.

இப்போது கவனித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு உதவும். அங்கே நீங்கள் இறங்கிப் போடக் கூடாது, ஊரில் மாதிரி ஆள் வந்துதான் போடுவார். அப்பா இந்த ஊர்ப் பழக்கத்தில் இறங்கிக் குழாயைக் கையில் எடுத்துவிட்டார். தொப்பி போட்ட ஒருத்தர் ஓடிவந்து குழாயைப் பிடித்தார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். கடைசியில் அவர் வாங்கிவிட்டார். வாங்கியவர் பச்சைக் கைப்பிடியை எடுத்தாரா, அப்பாவுக்கு உயிர் போய்விட்டது. இங்கே பச்சை என்றால் டீசல்தானே. "நோ, நோ, டீசல் நோ" என்று டேங்க் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கறுப்பைக் காட்டி, "அது, அது" என்கிறார். தொப்பிக்காரர் தலையில் கை வைக்கிறார்.

மாமா இறங்கி வந்து பம்பில் ஒட்டியிருந்ததைப் படித்தார். "அத்தான், இங்க பச்சதான் பெட்ரோல். கறுப்புதான் டீசல். கைய எடுங்க" என்றார். இல்லாவிட்டால் அங்கேயே இஞ்சின் போயிருக்கும்.

குழாயை வைப்பதற்கு முன்னால் தொப்பிக்காரர் மீட்டரைத் தொட்டுக் காட்டுவார், பூஜ்யம் இருக்கிறதா பார் என்று. "செரோ" என்பார். நீங்களும் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அப்பா இருந்த நிலையில் பார்க்கவில்லை. அந்த ஆளும் விடவில்லை. "செரோ, சென்யோர். செரோ." இவர் பார்க்கும்வரை போட மாட்டேன் என்கிறார். மாமாதான் குனிந்து பார்த்து, "செரோ" என்று தலையாட்டினார்.

நான் உடனே அந்த ஆளை மாதிரியே செய்து காட்டினேன். தொப்பியை இழுத்துவிடுகிறது, விரலால் தட்டுகிறது, "செரோ, சென்யோர்", எல்லாம். தொப்பிக்காரரே சிரித்தார். மாமாவும் சிரித்தார். அழும்போது வருகிற மாதிரி மூச்சு வாங்கிச் சிரித்தார். நான் எவ்வளவோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன், அந்தச் சிரிப்பை மட்டும் இதுவரை என்னால் செய்ய முடியவில்லை.

அப்பா, "எவ்வளவு போடட்டும்? வரிசையில நிக்கதுக்குப் பத்து லிட்டர் போதும்லா" என்றார்.

"ஃபுல் பண்ணிருங்க அத்தான்" என்றார் மாமா. "நீங்க வீடு வரைக்கும் போகணும்லா."

நீங்க என்றுதான் சொன்னார். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பெட்ரோல் ஏறும்போது இரண்டு பேரும் காருக்கு வெளியே நின்று பேசிக்கொண்டார்கள். கண்ணாடி இறக்கியிருந்தது, எனக்கு எல்லாம் கேட்டது.

"நேராப் போன்னுதான, மணி, அவ சொன்னா?"

"ஆமா அத்தான். நானும் கேட்டேன்."

"எனக்குப் போர்டு தெரிஞ்சுது. படிச்சேன். படிச்சுட்டும் போனேன் பாத்தியா."

"விடுங்க. நான்தான அவ சொன்னாக் கேளுங்கன்னு சொன்னேன்."

மாமா அதன்பிறகு அத்தைக்குப் போன் பண்ணவில்லை. வரிசையில் நின்ற மூன்று மணி நேரமும் பண்ணவில்லை. வழிநெடுக பொம்மை விற்கிறார்கள், போர்வை விற்கிறார்கள். மாமா ஒரு துணிக் கழுதையை வாங்கி என் மடியில் போட்டார். "பாப்பாட்ட குடு" என்றார். "நீங்களே குடுங்க" என்றேன். "சரில" என்றார்.

எல்லை ஆபீசர் என்னுடைய, அப்பாவுடைய கிரீன் கார்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். மாமா எப்போதும் பையில் வைத்திருக்கிற பாஸ்போர்ட்டை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். மாமாவை உள்ளே ஒரு அறைக்குக் கூட்டிப்போனார்கள். நாங்கள் வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தற்செயலாகத் தப்பான ரோட்டில் வந்துவிட்டோம் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எல்லாரும் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் ஒருத்தர் வந்து, அவரை உள்ளே விட முடியாது, வந்த பக்கமே அனுப்புகிறோம், நீங்கள் இரண்டு பேரும் போகலாம் என்றார். அப்பா தன் ஸ்வெட்டரைக் கழற்றி, அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள்.

மாமா அங்கே ஒரு லாட்ஜில் பன்னிரண்டு நாள் இருந்தார். வக்கீல் பேசினார், கம்பெனி பேசியது. ஒன்றும் நடக்கவில்லை. கோவில்பட்டிக்குப் போய்விட்டார். போய் ஒரு வாரத்தில் ஆதிரை பிறந்தாள். மாமா போனில் பார்த்தார். மறுபடி வருவதற்கு விசா நேர்காணல் தேதி கேட்டிருக்கிறார்கள், அடுத்த வருஷம்தான் கிடைக்கும் போலிருக்கிறது. கைக்குழந்தையோடும் தையல் போட்ட வயிற்றோடும் அத்தை அவ்வளவு தூரம் பறந்திருக்க முடியுமா? இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாங்க, அதையும் விட முடியாது. எங்கள் வீட்டோடு வந்துவிட்டாங்க.

பாப்பா அழுதால் நிற்கவே நிற்காது அண்ணே. ஒருநாள் அம்மாவும் அத்தையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்க்கிறார்கள், நீலமாகிக்கொண்டு அழுகிறது. எனக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. எரிச்சலில்தான் செய்தேன். ம்ஹ்க். "ஏட்டி, என்ன செய்த?"

டக்கென்று நின்றுவிட்டது. கண்ணை உருட்டி அறை முழுக்கத் தேடியது. அத்தை பால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாங்க. திரும்பவே இல்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடிப்பார்கள் என்று நினைத்தேன். அத்தைதான் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "தூங்குற வரைக்கும் பேசுறியா நவநீ?" என்றாங்க.

அன்றிலிருந்து அது என் வேலை. குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, தூங்க வைக்கும்போது. ஒன்பது மாதமாக நான்தான் மாமா. இதுக்கெல்லாம் யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் சொல்லுங்கள், இந்த வித்தை ஒருத்தருக்கு உபயோகப்பட்டதா இல்லையா?

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீடியோவில் வந்தார். அத்தை பாப்பாவை மடியில் வைத்துப் போனைக் காட்டினாங்க. மாமா, ம்ஹ்க், "ஏட்டி, என்ன செய்த?" என்றார். பாப்பா தலையைத் தூக்கியது. போனைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, இரண்டு கையையும் நீட்டியது.

மாமா மறுபடி கூப்பிட்டார். அது என்னைப் பார்த்துச் சிரித்தது. என் வாய் அசையாமலே சத்தம் வருகிறதே என்று அதற்கு வேடிக்கை.

"நல்லா இருக்குல" என்றார் மாமா. "என்னைய விட நல்லாப் பண்ணுத போலருக்கு." அப்புறம் கேட்டார், "வேற யாரு குரல்லாம் பண்ணுவ?"

சொன்னேன். பிரின்சிபால், பால்காரர், அம்மா, அப்பா, டிவியில் செய்தி வாசிக்கிறவர், எதிர்வீட்டு நாய். இருபது பேரைச் சொன்னேன். மாமா ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியபிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அவ்வளவுதானால?" என்றார். "அவ்வளவுதான் மாமா" என்றேன்.

மாமாவிடம் சொல்லாமல் விட்ட அந்த ஒரு குரலை நான் இப்போது செய்வதில்லை. அதுவாக வருகிறது. பின்சீட்டில் உட்கார்ந்தால் தொண்டைக்குள் தயாராக வந்து நிற்கும், மூச்சில்லாமல். வண்டி ஏதாவது எக்ஸிட்டை நெருங்கினால் வாயில் துண்டை வைத்துக் கடித்துக்கொள்வேன். ஸ்கூல் வராந்தாவில் நடக்கும்போது, நேராகச் செல்லவும். பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தும்போது, இடது பக்கமாகவே இருக்கவும். அதனால்தான் இப்போதெல்லாம் முன்சீட்டில் உட்காருகிறேன்.

அப்பா போனில் வழி சொல்கிற சத்தத்தை நிறுத்திவிட்டார். போர்டையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டுதான் ஓட்டுவார். "எக்ஸிட் இரண்டு. வலது பக்கம். கடைசி எக்ஸிட்." சரியாக இறங்கி, இங்கே வந்து, பெட்ரோல் போட்டுக்கொண்டு, திரும்பிப் போவார். பாதி டேங்க் இருந்தாலும் வருவார். அவருக்குத் தூக்கம் வருவதில்லை என்று அம்மா யாரிடமோ போனில் சொன்னாங்க. அவரும் மாமாவும் இப்போது பேசிக்கொள்வதில்லை. சண்டை இல்லை. மாமா கூப்பிட்டால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

இன்றைக்கு வந்து நிறுத்தினார் பாருங்கள், நிறுத்தியவர் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார், "நவநீ, பாப்பாவுக்குப் பண்ணுதியே, மாமா குரல்ல எனக்கு ஒண்ணு சொல்லுதியால?"

"என்னப்பா சொல்லணும்?"

"அத்தான், உங்க மேல தப்பில்லன்னு."

எங்கள் அப்பா யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. சும்மா சிரித்துவிடுவார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கதவு பூட்டியிருந்தது, கண்ணாடி ஏற்றியிருந்தது. உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. என் குரலில் ஆரம்பித்தேன் அண்ணே, சத்தியமாக. "அப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதலில் வந்தது ம்ஹ்க்.

"அத்தான், உங்க மேல என்ன தப்பு. அவ சொன்னா, நீங்க போனீங்க."

அச்சு அசலாக வந்தது. இதுவரை செய்ததிலேயே அதுதான் பெஸ்ட்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தோள் இறங்கியது. எத்தனை நாளாக அது ஏறியே இருந்தது என்று இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். நாலு தடவை சொன்னேன். அப்புறம் இறங்கிப் பெட்ரோல் போட்டுவிட்டு, உனக்கு என்னல வேணும் என்று கேட்டுவிட்டு, உள்ளே போனார். விசில் அடித்துக்கொண்டு போனார் அண்ணே.

அதோ வருகிறார். இரண்டு கையிலும் காபி. நம்மைப் பார்த்துவிட்டார், கை காட்டுகிறார். நீங்களும் காட்டுங்கள். கேட்டால், பெட்ரோல் எங்கே போடுவது என்று கேட்டேன், பையன் சொன்னான் என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை.

வீட்டுக்கு இருபத்தைந்து மைல். இப்போது ஏறி உட்கார்ந்ததும், மாமா குரலில் இன்னொரு தடவை சொல்லு என்று கேட்பார், எனக்குத் தெரியும். நான் சொல்வேன்.